நாறாத கறி

குண்டூர் நாடு, கொல்லிமலை
12-1-1958

அன்புள்ள ருக்குமணிக்கு,

நலம் என்று எழுத முடியாது. மோசமில்லை என்று எழுதலாம். டோலியில் தூக்கி வந்து சேர்த்துவிட்டார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே சரிவில் சங்கிலி பிடித்து ரோட்டுக்கு அளவெடுத்தவன் நான். அப்போது என் பின்னால் முளைக்குச்சி சுமந்து வந்த காத்தான்தான் நேற்று டோலியின் முன்பக்கம் தூக்கியவன். "ஏனுங்க, நீங்க அளந்த ரோட்டப் போட்டிருந்தாங்கன்னா உங்கள லாரிலயே கொண்டாந்திருக்கலாமுங்க" என்றான். சிரித்தேன். சிரித்தால் இருமல் வருகிறது.

இந்தக் காசநோய் இல்லம் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம். நடுவில் தட்டி அடைத்து ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். கம்பவுண்டர் ஒருவர் இங்கேயே இருக்கிறார். டாக்டர் மாதம் ஒருமுறை சேந்தமங்கலத்திலிருந்து ஏறி வருவார். என் பக்கத்துக் கட்டிலில் சின்னான் என்று திருப்புலி நாட்டு மிளகு விவசாயி; நாடு என்றால் இங்கே சில ஊர்கள் சேர்ந்தது. அவன் மனைவி கண்ணாயி அவனை விட்டுப் போகமாட்டேன் என்று இங்கேயே சமையலுக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் அவள்தான் வடிக்கிறாள்.

கறி தின்று உடம்பில் சதை பிடித்தால் ஒழிய ஊசி மட்டும் ஒன்றும் செய்யாது என்கிறார் டாக்டர். ஊசியும் வருகிறபோதுதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆடு அறுக்கிறார்கள். மலையில் கரண்டு ஏது? மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் உள்ளே குளிரும் பெட்டி ஒன்றை யாரோ தருமவான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் வைக்கிற கறி புதன்கிழமை பிசுபிசுக்கும், வியாழக்கிழமை நாறும். கண்ணாயி மூக்கைச் சுளித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். அப்புறம் அடுத்த ஞாயிறு வரை கூழும் பருப்பும். சின்னானின் விலா எலும்பை இங்கே படுத்தபடியே எண்ணலாம். என்னுடையதை அவன் எண்ணுகிறானோ என்னவோ.

நீ வழியனுப்ப வரவில்லை. லாபரட்டரியில் லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். நியாயமாக இருந்தால் வலிக்காமல் போய்விடுமா?

சென்றாயன்


சென்னை
20-1-1958

அன்புள்ள மாமாவுக்கு,

வலிக்காமல் போகாது. எனக்கும்தான். உங்கள் சம்பளம் நின்றபிறகு இந்த வேலையையும் விட்டால் உங்களை எப்படிப் பார்ப்பேன் என்று அத்தையிடம் சொன்னேன். "படிச்சவ, பேசுவ" என்றார்கள். இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் லாபரட்டரியில் எல்லோர் முன்பும் அழுவேன். அதனால் கறியைப் பற்றி எழுதுகிறேன்.

பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாக்களைத்தான் நான் இங்கே வளர்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் சில, தாங்கள் குடியிருக்கிற இடத்தில் வேறு கிருமிகள் அண்டாமலிருக்க ஒரு பொருளைச் சுரக்கின்றன. சீமையில் அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்துப் பாலாடைக்கட்டி கெடாமலிருக்கப் போடுகிறார்கள். கறிக்குப் போட்டால் என்ன? பேராசிரியரைக் கேட்டேன். அவர் வாழ்நாளில் முட்டைகூடத் தொட்டதில்லை. "தயிர் வரைக்கும் நான் துணைக்கு வருவேன் அம்மா. அதற்கு மேலே நீ தனியாகத்தான் போகணும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கண்ணாயி கூழ் புளிக்க வைக்கும் பானையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் அனுப்ப முடியுமா? மலைக்குளிரிலும் புளிக்கிற கூழ் என்றால் அதிலுள்ள பாக்டீரியாவுக்குக் குளிர் பழகியிருக்கும். குளிர்ப்பெட்டிக்குள்ளும் அது விறைத்துப் போகாமல் வேலை செய்யலாம். இங்கே நான் வைத்திருப்பவை எல்லாம் பட்டணத்துத் தயிரில் பிறந்த சோம்பேறிகள்.

சட்டைக்குள் பனியன் போட்டுக்கொள்ளுங்கள்.

ருக்குமணி


குண்டூர் நாடு
2-2-1958

அன்புள்ள ருக்குமணிக்கு,

கூழ்த் தண்ணீர் வருகிறது. கண்ணாயியிடம் கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மெட்ராசுக்குங்களா? அங்க கூழு இல்லீங்களா சாமி?" என்றாள். கட்டிலில் இருந்து சின்னான், "குடுத்தனுப்பு புள்ள. நம்ம ஊட்டுக் கூழு ரயிலேறட்டும். நாமதான் ஏறல" என்றான். அன்று முழுவதும் கூடத்தில் இதே பேச்சு. ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

காத்தான் காளப்பநாயக்கன்பட்டி வரை கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். தக்கையை இறுக்கி நூலால் கட்டியிருக்கிறேன். வழியில் பொங்கி வெடித்தால் நான் பொறுப்பில்லை.

பனியன் போட்டிருக்கிறேன்.

சென்றாயன்


சென்னை
21-5-1958

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நாள் நீண்ட கடிதம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிடைத்துவிட்டது. கண்ணாயியின் கூழில் இருந்த எத்தனையோ வகைகளில் ஒன்று. தட்டில் அதை ஒரு புள்ளி வைத்தால் சுற்றிலும் மற்றக் கிருமிகள் முளைக்காமல் நிலா வட்டம் மாதிரி ஓர் இடம் வெறுமையாக நிற்கிறது. அதை வளர்த்து வடிகட்டிய தண்ணீரில் ஆட்டுக்கறியை முக்கி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இரண்டாவது ஞாயிறு வந்தும் பிசுபிசுப்பு இல்லை, நாற்றமில்லை. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வதக்கித் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பேராசிரியரிடம் சொன்னபோது முகம் சிவந்துவிட்டது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்காமல், வருஷக்கணக்கில் சோதிக்காமல் யார் வாயிலும் படக்கூடாது என்றார்.

அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு, மாமா. இந்தப் பொருள் எல்லாக் கிருமியையும் கொல்லாது. கறியைப் பிசுபிசுக்க வைத்து நாறவைக்கிற கூட்டத்தை அடக்குகிறது. ஆனால் வேறொரு கூட்டம் இருக்கிறது. அவற்றுக்குத் தோலுக்கு மேல் இன்னொரு தோல் போர்த்தியதுபோல. இது அவற்றைத் தொடுவதே இல்லை. வயிற்றுக்கு ஆகாதவை பல அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் குளிர்தான் கட்டிப்போட வேண்டும். குளிர் இருக்கும்வரை பயமில்லை. குளிர் போனால் இந்த மருந்தை நம்பக்கூடாது.

ஆகவே இன்னும் அனுப்பவில்லை.

ருக்குமணி


குண்டூர் நாடு
3-6-1958

அன்புள்ள ருக்குமணிக்கு,

நேற்று டாக்டர் வந்தார். தராசில் ஏற்றினார். எதுவும் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வழக்கமாக ஏதாவது வேடிக்கையாகப் பேசுகிறவர்.

சின்னானுக்கு மறுபடி ரத்தம் வந்தது. கண்ணாயி கையில் ஏந்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களுக்குக் கூழ் ஊற்றினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசி.

வருஷக்கணக்கில் சோதிக்க வேண்டும் என்று உன் பேராசிரியர் சொல்கிறார். அத்தனை வருஷம் அவருக்கு இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. எனக்கு இருக்கிறதா என்று அவரைக் கேட்டாயா? நீ தின்று பார்த்தாய், உயிரோடு இருக்கிறாய். குளிர்ப்பெட்டியின் விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை?

எனக்காகக் கேட்கவில்லை என்று எழுத நினைத்தேன். எனக்காகத்தான் கேட்கிறேன், கண்ணு. சாகப் பயமாக இருக்கிறது.

சென்றாயன்


சென்னை
15-6-1958

அன்புள்ள மாமாவுக்கு,

நானே வருகிறேன். லீவு கொடுத்தார்கள். எதற்கு என்று பேராசிரியர் கேட்டார், புருஷனைப் பார்க்க என்றேன். அது உண்மைதானே. சீசாக்களைத் துணிமூட்டைக்குள் வைத்து எடுத்து வருகிறேன். காத்தானை வெள்ளிக்கிழமை காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிற்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்கள். கண்ணாயிக்கு எப்படி முக்கி எடுப்பது, எவ்வளவு நேரம் வடியவிடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவேன். உங்களுக்கும் ஒரு காகிதத்தில் எழுதித் தருகிறேன். அதில் அடிக்கோடிட்டிருக்கும் வரியை மறக்கக்கூடாது.

முகத்தை மழித்து வையுங்கள். தாடியோடு பார்த்தால் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

ருக்குமணி


குண்டூர் நாடு
10-8-1958

என் அன்புள்ள ருக்குவுக்கு,

நீ இறங்கிப்போன அன்று பாறைத் திருப்பத்தில் நின்று கை காட்டினாயே, அந்த இடத்தை இன்றைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மருந்து வேலை செய்கிறது. சனிக்கிழமைக் கறிகூட ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதிரியே இருக்கிறது. முதல் வாரம் கண்ணாயி நம்பவில்லை. ஒவ்வொரு துண்டாக முகர்ந்து பார்த்து, "என்னங்க சாமி இது, செத்த ஆடு இன்னும் சாகலீங்களா?" என்றாள். இப்போது தினமும் சாறு, தினமும் நாலு துண்டு. டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்தார், பழுதாகிவிட்டதோ என்று. எனக்கு இடுப்பில் வேட்டி நிற்கிறது. சின்னான் எழுந்து நடக்கிறான். நேற்றுக் கூடத்துக்கு வெளியே போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, தை பிறந்ததும் மிளகுக்கொடியைப் பார்க்க ஊருக்கு வாரேன் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினான். தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தாயி என்று ஒரு பெண், கல்யாணமாகி ஆறு மாதத்தில் நோய் வந்து புருஷன் வீட்டார் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனவள். அவள் பாடுகிறாள். நன்றாகப் பாடவில்லை, ஆனால் பாடுகிறாள்.

விளக்கை நான்தான் பார்க்கிறேன். திரி கத்தரிப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம். மழைக்காலத்துக்கு மண்ணெண்ணெய் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லிக் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த சீசாக்கள் எப்போது வரும்?

உன் பேராசிரியருக்குச் சொல்லிவிட்டாயா?

சென்றாயன்


குண்டூர் நாடு
9-11-1958

ருக்குமணிக்கு,

இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. பாதை இப்போதுதான் திறந்திருக்கிறது. முழுவதும் எழுதிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் மறுபடி தொடர மாட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை விடவில்லை. கீழே போன கம்பவுண்டர் திரும்பி ஏற முடியவில்லை. மண் சரிந்து பாதை மூடிவிட்டது என்று காத்தான் பாதி வழியில் திரும்பி வந்து சொன்னான். கூடுதல் மண்ணெண்ணெய் வாங்கவே இல்லை. இருந்ததை இரவு விளக்குக்கும் இதற்கும் பங்கிட்டு எரித்தோம். பிறகு அதுவும் தீர்ந்து குளிர்ப்பெட்டி அணைந்தது. உள்ளே கறி இருந்தது, உன் மருந்தில் முக்கியெடுத்த கறி.

அணைந்து இரண்டு நாள் கழித்துக் கண்ணாயி ஒரு துண்டோடு என் கட்டிலுக்கு வந்தாள். எல்லோரும் வெறும் கூழில் கிடந்தார்கள். "பொட்டி அவிஞ்சு ரெண்டு நாளாச்சுங்க. ஆனா நாத்தமே இல்லீங்க சாமி. போடட்டுங்களா, கொட்டிரட்டுங்களா?" என்றாள். அவளுக்கு என்னைக் கேட்பதைத் தவிர வழியில்லை. நான் மெட்ராஸ் அம்மாவின் புருஷன்.

முகர்ந்து பார்த்தேன். அன்று அறுத்த கறி போல இருந்தது.

குளிர் போனால் நம்பக்கூடாது என்று நீ அடிக்கோடிட்ட வரி நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. ஆனால் சின்னான் பக்கத்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு நல்லது என்கிறது, காகிதம் கெட்டது என்கிறது. பிறந்ததிலிருந்து மூக்கை நம்பி வளர்ந்தவன் நான். "போடு" என்றேன்.

விறகெல்லாம் நனைந்து கிடந்தது. அடுப்பு புகைந்ததே ஒழிய எரியவில்லை. துண்டுகள் உள்ளே சிவப்பாகவே இருந்தன என்று பிறகு தெரிந்தது. பசியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கு அன்று காய்ச்சல், கஞ்சி மட்டும் குடித்தேன். என் பங்கையும் சின்னானுக்குக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் தொடங்கிற்று. வாந்தி, பேதி, குளிர்காய்ச்சல். கண்ணாயிக்கும்தான், ஆனால் அவள் தாக்குப்பிடித்தாள். மற்றவர்கள் உடம்பில் என்ன இருந்தது தாக்குப்பிடிக்க? உப்புத் தண்ணீர் கொடுத்தோம், வயிற்றில் நிற்கவில்லை. அத்தாயி முதலில் போனாள். அப்புறம் ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர். சின்னான் கடைசி. போவதற்கு முன் என் பக்கம் திரும்பி, "கறி நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றான். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

மழையில் விறகு எரியாது என்று நால்வரையும் புதைத்தோம். நான் மண்வெட்டி பிடித்தேன். எனக்கு இப்போது பலம் இருக்கிறது.

சென்றாயன்


சென்னை
14-11-1958

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சாப்பிடவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கறியில் ஏதாவது மீதம் இருக்கிறதா? ஒரு சிறு துண்டு, எலும்பில் ஒட்டியது போதும். பாத்திரத்தைக் கழுவாமல் வைத்திருந்தால் அதையாவது. சுத்தமான சீசாவில் போட்டு, தக்கையை மெழுகால் அடைத்து, ஈரத்துணி சுற்றிக் காத்தானிடம் உடனே அனுப்புங்கள். குளிர்ப்பெட்டியின் உள்சுவரை ஒரு பஞ்சால் துடைத்து அதையும் தனிச் சீசாவில். எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். அது ஆட்டின் குடலிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா, யார் கையிலிருந்தாவது வந்ததா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு.

மீதியிருக்கும் சீசாக்களைக் கொட்டிவிடுங்கள். கண்ணாயியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ருக்குமணி


குண்டூர் நாடு
23-11-1958

ருக்குமணிக்கு,

கறி மீதம் இல்லை. பாத்திரத்தைக் கண்ணாயி கழுவிவிட்டாள். புருஷன் செத்த மறுநாள் எழுந்து வந்து அவள் செய்த முதல் வேலை அதுதான். அவளிடம் போய், கழுவாமல் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கட்டுமா?

அவளிடம் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். எனக்குச் சொல்ல வாய்க்கவில்லை. அவளே கேட்டாள். "எங்க கூழுத் தண்ணிதானுங்களே மெட்ராசுக்குப் போயி மருந்தா வந்துச்சு? எங்க கூழே எங்கூட்டுக்காரரக் கொன்னு போடுச்சுங்களா?" கூழ் கொல்லவில்லை, அது காவல்காரன் மாதிரி, ஒரு வாசலைத்தான் காத்தது, இன்னொரு வாசல் வழியாக வந்துவிட்டது என்றேன். அன்றைக்குப் பானையைத் தூக்கிப் பாறையில் போட்டு உடைத்தாள். இப்போது கூழைப் புளிக்கவிடுவதில்லை. பச்சையாகக் காய்ச்சிக் குடிக்கிறாள்.

இதைவிட ஒன்று இருக்கிறது. செய்தி மலை முழுவதும் போய்விட்டது. உறவுக்காரர்கள் வந்து உயிரோடிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எழுந்து நிற்க முடியாத ஒருத்தியைத் தோளில் தூக்கிப் போனார்கள். "இங்க இருந்தா சோத்துலயே கொன்னு போடுவாங்க" என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான். அவர்கள் சளியோடும் ரத்தத்தோடும் சின்னக் குடிசைகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள், ருக்குமணி. குழந்தைகள் பக்கத்தில் படுக்கிற குடிசைகள். நாம் கொன்றது நாலு பேரை என்று கணக்கு வைக்காதே.

என் கடிதத்தில் நாலு பேர் செத்திருந்தார்கள். உன் பதிலில் சீசாவும் பஞ்சும் இருந்தன. நீ இங்கே வர வேண்டாம்.

சென்றாயன்


சென்னை
6-12-1958

மாமாவுக்கு,

வர வேண்டாம் என்றதால் வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போனது, உங்களுக்குக் கொடுத்தது, எல்லாம். அவர் கத்தவில்லை. "குழாய்களை எடுத்துக்கொண்டு வா" என்றார். கண்ணாயியின் கூழிலிருந்து வளர்த்த அத்தனையையும் கிருமிகளைக் கொல்லும் கொதிநீராவிக் கலத்தில் நானே வைத்து மூடினேன். மூடித் திருகும்போது என்னோடு இன்னும் சில பேர் உள்ளே போவதுபோல இருந்தது. சுகாதார இலாகாவுக்கும் என் பெயரிலேயே எழுதிவிட்டேன். பதில் இல்லை. தண்டித்தாலாவது நன்றாக இருக்கும்.

அந்தக் கடிதத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று புரிகிறது. எனக்கு அழத் தெரியாததால் அல்ல அப்படி எழுதியது. எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதை மட்டும் வெறுக்கலாம் என்று நினைத்தேன். தெரியாததால் எல்லாவற்றையும் வெறுக்க வேண்டியிருக்கிறது, என் கையையும்.

நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. அந்தப் பொருள் செய்யும் என்று சொன்னதைத்தான் செய்தது. நாற்றத்தைத் தடுத்தது. ஆனால் நாறுவதுதான் கறி நமக்குச் சொல்கிற ஒரே எச்சரிக்கை என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? கெட்டுப்போனால் கெட்டுப்போனேன் என்று சொல்கிற வாயை அடைத்துவிட்டு, அது நல்லது என்று சொல்கிறது என்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். என் மருந்து இல்லாதிருந்தால் அந்தக் கறி முதல் நாளே நாறியிருக்கும். கண்ணாயி மூக்கைச் சுளித்துக் கொட்டியிருப்பாள். எல்லோரும் பசியோடு படுத்திருப்பார்கள். காலையில் சின்னான் எழுந்திருப்பான்.

நீங்கள் "போடு" என்றதை நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த வார்த்தையை உங்கள் வாயில் வைத்தது நான்.

இங்கே காசநோய் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். தை மாதம் முடியும்வரை வைத்திருப்பார்கள். வந்துவிடுங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் நான் வராண்டாவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போகிறேன்.

ருக்குமணி


குண்டூர் நாடு
24-1-1959

ருக்குமணிக்கு,

வரப்போவதில்லை. கோபத்தால் அல்ல. கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, போய்விட்டது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

இல்லத்தை மூடிவிட்டார்கள். கட்டில்களைக்கூட இறக்கிப் போய்விட்டார்கள். கம்பவுண்டர் போகும்போது எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்து, மீதியிருந்த மருந்தை என்னிடம் விட்டுப் போனார். உறவுக்காரர்கள் கூட்டிப்போனவர்களைத் தேடிக் காத்தானோடு ஊர் ஊராக நடந்தேன். கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், மருந்தை எடுத்ததும், "அதெல்லாம் வேண்டாமுங்க, அவ போய்ச் சேந்துட்டா" என்றார்கள். அவள் கைக்குழந்தை மூலையில் இருமிக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்க அவர்களைக் கெஞ்சினேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் யார் என்று எனக்கே தெரிந்தது.

நடந்ததில் எனக்கும் திரும்பிவிட்டது. சாயங்காலம் காய்ச்சல், காலையில் ரத்தம். வேட்டி மறுபடி நிற்கவில்லை.

கண்ணாயி ஊருக்குப் போகவில்லை. இங்கேயே பின்கட்டில் இருக்கிறாள். புதைத்த இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறாள். கொஞ்ச நாளாக அவளும் இருமுகிறாள். அடுப்புப் புகை என்றாள். ஊசி போட்டுக்கொள் என்று தினமும் கேட்டேன், தினமும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நேற்று அவளே வந்து முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. கடைசியில் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். "குத்துங்க சாமி" என்று கையை நீட்டினாள். "நல்லதோ கெட்டதோ, இனி எது உள்ள போனா எனக்கென்னங்க?" என்றாள்.

போட்டேன். ஊசி இறங்கக் கையில் சதை இல்லை. எலும்பில் முட்டிவிடுமோ என்று மெல்ல இறக்கினேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவளை விட்டுவிட்டு நான் எந்தக் கட்டிலில் வந்து படுப்பது?

சென்றாயன்


சென்னை
9-2-1959

அன்புள்ள மாமாவுக்கு,

கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்களை மறுபடி அழைக்கப் போவதில்லை. நான் வருகிறேன் என்றும் எழுதமாட்டேன். வந்து கண்ணாயியின் முன் நின்றால் அவள் என்னைத் திட்டமாட்டாள். "வாங்க அம்மா" என்பாள். அதை என்னால் தாங்க முடியாது.

இந்தப் பார்சலில் இரண்டு பேருக்கும் ஒரு மாதத்துக்கான ஊசி மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. ஊசியை வெந்நீரில் கொதிக்கவைக்காமல் போட வேண்டாம். மாதாமாதம் அனுப்புகிறேன். காத்தான் காளப்பநாயக்கன்பட்டி வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்ன எழுதுவது என்று நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். காலிச் சீசாக்களை மட்டும் காத்தானிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கழுவக்கூட வேண்டாம். அவை வந்தால் போதும். இருவரும் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.

ருக்குமணி


சென்னை
12-5-1959

அன்புள்ள மாமாவுக்கு,

மாசியில் சீசாக்கள் எல்லாம் வந்தன. பங்குனியில் பாதிதான் வந்தன. ஒருவருக்கு உரிய அளவு. எண்ணிப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. இந்த மாதம் எதுவும் வரவில்லை. காத்தான் பஸ்ஸுக்கு வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போனானாம். அவனிடம் விசாரித்தீர்களா என்று பஸ் கண்டக்டருக்குக் கடிதம் போட்டேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான் என்று கண்டக்டர் எழுதியிருக்கிறார்.

சித்திரையிலும் மலைமேல் மழை பெய்யும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். பாதையில் மண் சரிந்திருக்கும்.

இத்துடன் அடுத்த மாதத்துக்கான மருந்து இருக்கிறது. இரண்டு பேருக்கு.

ருக்குமணி